கூலியும் கைக்கூலியும்



 

தமிழில் 'கூலி' என்றால் உழைப்புக்கு உரிய ஊதியம். அதன் முன்னே 'கை' என்னும் ஓரெழுத்தைச் சேர்த்துக் 'கைக்கூலி' என்றால் இலஞ்சம் என்று அகராதி பொருள் கூறும். ஆனால் தமிழ் முஸ்லிம்களாகிய நம்முடைய வீடுகளில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரிடம் எண்ணி வாங்கும் ரொக்கத்துக்கும் நாம் கைக்கூலி என்றே பெயர் வைத்திருக்கிறோம். இலஞ்சத்தின் பெயரையே அதற்கு இட்ட முன்னோர்கள் விவரம் தெரிந்துதான் இட்டார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஓர் ஏழைப் பெண்ணின் கூலி பிடித்து வைக்கப்படுகிறது. அதை ஏன் என்று கேட்க வேண்டியவர்களின் வாயை அடைக்கச் சில இடங்களில் கைக்கூலி கைமாறுகிறது. அந்தப் பெண் வீட்டை விட்டுக் கூலி தேடிச் சென்றதற்குக் காரணமோ, பெரும்பாலும் கல்யாணச் செலவும் கைக்கூலியும்தான். மூன்றையும் தனித்தனியே கண்டித்துப் பேசுவது எளிது. மூன்றும் ஒன்றோடொன்று முறுக்கிய நூலாக இருப்பதை உங்களுக்குக் காட்டவே இவ்வுரையை எழுதுகிறேன்.

கோவை, ஈரோடு, திருப்பூர், திண்டுக்கல் மாவட்டங்களின் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஓர் ஏற்பாடு பல்லாண்டுகள் நடந்து வந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்ப்பார்கள். ஆலை வளாகத்துக்குள்ளேயே விடுதி. மூன்றாண்டு முடியும்போது கல்யாணச் செலவுக்கு உதவும்படி 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாகச் சொல்வார்கள். பச்சைமலை, கொல்லிமலை அடிவாரத்திலுள்ள நம் பக்கத்துக் கிராமங்களிலும் தரகர்கள் வந்து சென்றதை மூத்தவர்கள் அறிவார்கள். நல்ல சாப்பாடு, டி.வி., பத்திரமான தங்குமிடம் என்று ஆசை காட்டுவார்கள். மகளைப் பற்றிய கவலையில் இருக்கும் தாய்க்கு அந்தப் 'பத்திரம்' என்ற சொல் ஒன்றே போதும்.

அந்த மொத்தத் தொகை முதலாளியின் அன்பளிப்பன்று. மாதந்தோறும் அவள் கையில் கொடுத்திருக்க வேண்டிய கூலியிலிருந்து பிடித்து வைத்த பணம் அது. இடையில் நோயுற்றோ மனம் ஒப்பாமலோ வெளியேறினால் அத்தொகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. 'தொழிலாளி' என்றால் சட்டப்படியான சம்பளம் தரவேண்டும் என்பதால் 'பயிற்சியாளர்' என்று ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். பன்னிரண்டு மணி நேரம் பஞ்சுத் தூசியில் நின்றுகொண்டே வேலை. வெளியே செல்லவும் வீட்டாருடன் பேசவும் கட்டுப்பாடு. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ என்னும் ஆய்வு அமைப்பும் அந்நாட்டின் இந்தியக் குழுவும் 2011 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளில் தொங்கும் ஆடைகளின் நூல் எங்கிருந்து வருகிறது என்பதை உலகுக்குக் காட்டிற்று. 2014ஆம் ஆண்டில் அவர்களே மீண்டும் ஆராய்ந்தபோதும் பல ஆலைகளில் பெயர் மாறியிருந்ததே தவிர, நிலைமை பெரிதாக மாறியிருக்கவில்லை. இத்தனைக்கும் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நம் நாட்டில் 1976ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது.

அன்பர்களே! கல்யாணத்துக்காக ஒப்பந்தம் செய்து உழைத்த ஒருவரின் வரலாறு திருக்குர்ஆனிலும் இருக்கிறது. அல்கஸஸ் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரத்துக் கிணற்றடிக்கு வருகிறார்கள். ஆடவர்கள் கூட்டமாக நெருக்கியடித்துத் தம் கால்நடைகளுக்குத் தண்ணீர் இறைக்கிறார்கள். இரண்டு பெண்கள் தம் ஆடுகளைத் தடுத்து வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். தந்தை முதியவர், ஆகவே அவர்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். இன்றைய ஆலைப் பெண்களில் பலருடைய கதையும் இதுவே அல்லவா? மூஸா (அலை) அவர்கள் முதலில் செய்தது, கூலி பேசாமல் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது. அந்தப் பெண்களின் தந்தையோ, இறைத்த தண்ணீருக்குக் கூலி தரவேண்டும் என்று ஆள் அனுப்பி அழைக்கிறார்.

பிறகு ஒப்பந்தம் பேசப்படுகிறது. எட்டு ஆண்டு வேலை. பத்தாக நிறைவு செய்வது மூஸாவின் விருப்பம். ஈடாகப் பெரியவரின் மகள்களில் ஒருவரை மணமுடித்துத் தருவது. தவணை தெளிவாக இருக்கிறது. உழைப்பவருக்கு எது கட்டாயம், எது அவர் விருப்பம் என்பதும் தெளிவாக இருக்கிறது. வேலை கொடுப்பவர் தாமாகவே, உம்மைக் கஷ்டப்படுத்த நான் விரும்பவில்லை என்ற கருத்தில் வாக்குக் கொடுக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, மணமுடிப்பதற்காக உழைத்தவர் மாப்பிள்ளை! மணப்பெண் அல்லர். நம் காலத்திலோ பெண் மூன்றாண்டு பஞ்சாலையில் நின்று சம்பாதித்து, அதை மாப்பிள்ளையிடம் கொடுத்து, அதன் பிறகே மணவறைக்கு வரவேண்டியிருக்கிறது. ஒப்பந்தம் தலைகீழாகிவிட்டது.

மறுமையில் மூன்று பேருக்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக அல்லாஹ் கூறுவதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அம்மூவரில் ஒருவன், ஆளை வைத்து வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவன். புகாரியில் இடம்பெற்றுள்ள இந்த நபிமொழியை நாம் அடிக்கடி கேட்கிறோம். கேட்கும்போதெல்லாம் பெரிய ஆலை முதலாளிகளை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். நம் தையற்கடையில் பட்டன் கட்டும் பையனையும், பீஸ் ரேட்டுக்கு வீட்டிலிருந்து தைத்துத் தரும் பெண்ணையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சரி, சட்டம் இருந்தது, அறிக்கைகள் வந்தன. பிறகும் ஏன் இவ்வளவு காலம் பிடித்தது? இக்கேள்விக்கு விடை தேட உங்களைச் சற்றுத் தொலைவுக்கு, பசிபிக் பெருங்கடலுக்கு அழைத்துச் செல்கிறேன். அங்கே நடந்தது நீதிமன்ற ஏடுகளிலும் சட்டமன்றப் பதிவுகளிலும் முழுமையாக வெளிவந்துவிட்டதால், இத்தகைய விவகாரங்கள் எப்படி நடக்கின்றன என்பதைக் கண்ணாடியில் காண்பதுபோல் காணலாம்.

சைப்பான் என்பது வட மரியானா தீவுகளில் ஒன்று. அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்டது. அங்கே தைக்கப்படும் ஆடையில் 'அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தலாம். சுங்க வரியும் இல்லை. ஆனால் அமெரிக்காவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் குடியேற்றச் சட்டமும் அங்கே செல்லாது என்று விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு மணி நேரத்துக்கு 5.15 டாலர் என்றிருந்த காலத்தில் அங்கே 3.05 டாலர். சீனா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். வருவதற்கே தரகர்களிடம் ஆயிரக்கணக்கான டாலர் கடன்பட்டார்கள். கடன் தீரும்வரை அசைய முடியாது. சீனத்திலிருந்து வந்தவர்கள் பலரிடம், மதக் கடமைகளிலும் அரசியலிலும் ஈடுபட மாட்டோம் என்று உறுதிமொழி எழுதி வாங்கப்பட்டிருந்ததும் பின்னர் வெளிவந்தது.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜார்ஜ் மில்லர் என்னும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் இதை விடாமல் பேசினார். 1998ஆம் ஆண்டில் தாமே தீவுக்குச் சென்று தொழிலாளர்களைக் கண்டார். அமெரிக்க ஊதியச் சட்டம் அங்கும் செல்ல வேண்டும் என்றார். ஆனால் மறுபக்கத்தில் ஜாக் அப்ரமாஃப் என்ற ஒருவர் இருந்தார். சட்டம் செய்பவர்களைச் சந்தித்துத் தம் கட்சிக்காரருக்குச் சாதகமாகப் பேசுவது அவருடைய தொழில்; 'லாபியிங்' என்பார்கள். தீவு நிர்வாகம் அவருடைய நிறுவனங்களுக்குப் பல இலட்சக்கணக்கான டாலர்களைக் கொடுத்தது. அவருடைய ஏற்பாட்டில் சபை உறுப்பினர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் தீவுக்கு உல்லாசப் பயணம் சென்றார்கள். ஆளுங்கட்சியின் கொறடாவாக இருந்த டாம் டிலே 1998 புத்தாண்டையொட்டிக் குடும்பத்துடன் சென்று, அத்தீவைத் தடையற்ற வணிகத்தின் முன்மாதிரியாகப் புகழ்ந்தார். 2000ஆம் ஆண்டில் குடியேற்றச் சட்டத்தை அங்கும் நீட்டிக்கும் மசோதா செனட் சபையில் ஏகமனதாக நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் அது வாக்கெடுப்புக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஒரு மசோதாவைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. அலமாரியில் வைத்துப் பூட்டினாலே போதும் என்பதை அதில் கண்டோம்.

அப்ரமாஃபுக்கும் தீவு நிர்வாகத்துக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலை விசாரிக்க வேண்டும் என்று மில்லர் சபைக் குழுவிடம் கோரினார். அன்றைய பெரும்பான்மையினர் முன்வரவில்லை. 2006 ஜனவரி 3 அன்று அப்ரமாஃப் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குச் சென்றார். சைப்பான் பெண்களுக்காக அவர் தண்டிக்கப்பட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கப் பூர்வகுடியினரின் பணத்தை ஏமாற்றியது, பொது ஊழியர்களுக்குக் கையூட்டுக் கொடுக்கச் சதி செய்தது, வரி ஏய்த்தது ஆகியவையே அவர்மீதிருந்த குற்றங்கள். பாப் நே என்ற சபை உறுப்பினரும் 2007இல் தண்டனை பெற்றார். அவ்வாண்டு மே மாதத்தில்தான் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அத்தீவுக்கு நீட்டிக்கப்பட்டது. அதற்குள் ஆடைத் தொழிலே அங்கிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்தது. 2005இல் உலக ஆடை வணிகத்தின் பங்கீட்டு முறை முடிவுக்கு வந்ததும், இன்னும் மலிவான கைகளைத் தேடி ஆர்டர்கள் பறந்தன. 2009க்குள் சைப்பானின் ஆலைகள் அனைத்தும் மூடப்பட்டன. நீதி வந்தபோது வாதிகள் ஊரிலேயே இல்லை.

மலிவான கைகள் இருந்த இடங்களில் ஒன்று வங்கதேசம். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முந்திய நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அவர்களை உள்ளே அனுப்பியவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தார்கள். அந்நாட்டில் ஆடைத் தொழிற்சாலை உரிமையாளர்கள் பலர் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவே அமர்ந்திருந்தார்கள். அங்கே லாபிக்காரருக்குக் கூட வேலையில்லை.

அந்நிஸா அத்தியாயத்தின் 85ஆம் வசனம் பரிந்துரையைப் பற்றிப் பேசுகிறது. நல்ல பரிந்துரை செய்பவருக்கு அந்நன்மையில் பங்கு உண்டு. தீய பரிந்துரை செய்பவருக்கு அத்தீமையின் சுமையில் பங்கு உண்டு என்பது அதன் கருத்து. ஆக, பிறருக்காக அதிகார வாசலுக்குச் சென்று பேசுவதை இஸ்லாம் தடுக்கவில்லை. யாருக்காக, எதற்காக என்பதுதான் கேள்வி. மக்ஸூம் குலத்துச் செல்வாக்குமிக்க பெண்ணொருத்தி திருடியபோது, நபி (ஸல்) அவர்களின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களைக் குலத்தார் தூது அனுப்பினார்கள். அன்புக்குரியவர் வந்து பேசியதாலேயே நபியவர்களின் முகம் மாறிற்று. உயர்ந்தவன் திருடினால் விட்டுவிட்டு எளியவன் திருடினால் தண்டித்ததால்தான் முன்சென்ற சமுதாயங்கள் அழிந்தன என்று எச்சரித்து, தம் மகளே ஆயினும் சட்டம் ஒன்றே என்று அறிவித்தார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவிலாவது, லாபி செய்பவர் யாருக்காகச் செய்கிறார், எவ்வளவு செலவிட்டார் என்று பதிவு செய்ய வேண்டும். 1995ஆம் ஆண்டின் சட்டம் அது. அந்தப் பதிவிலிருந்துதான், இந்தியச் சந்தை உள்ளிட்ட பல காரியங்களுக்காக வால்மார்ட் நிறுவனம் அங்கே செலவிட்ட தொகை தெரியவந்து, 2012 டிசம்பரில் நம் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் விசாரணை கேட்டு எழுந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை நடந்தது. உறுதியான முடிவு எதுவும் எட்டப்படவில்லை. இங்கே அத்தகைய பதிவேடே கிடையாது. ஏடு இல்லாத கணக்கில் பாக்கியை எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழ்நாட்டின் தையல் தொழிலுக்கு 2004இல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட்டது. அன்று நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டுக்குள் அதைத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தம் வந்தது 2014இல். உடனே நூற்றுக்கணக்கான உற்பத்தியாளர்கள் உயர்நீதிமன்றம் சென்றார்கள். நீதிமன்றம் செல்வது அவர்களுடைய உரிமை. அதைக் குறை கூறவில்லை. 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் உயர்வை உறுதிசெய்து நிலுவையோடு கொடுக்கச் சொன்னது. பன்னிரண்டு ஆண்டுகள்! அதற்குள் அரிசி விலையும் பஸ் கட்டணமும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு அது வழி திறந்தது. முதலீடு செய்ய வரும் நிறுவனங்கள் நெகிழ்வான வேலை நேரத்தை எதிர்பார்க்கின்றன என்று காரணம் கூறப்பட்டது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சி உறுப்பினர்களே எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்கள் எழுந்தன. பத்து நாளில், மே முதல் தேதியன்று முதலமைச்சர் மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நிறுவனங்களின் எதிர்பார்ப்பு சட்டமன்றம் வரை வந்து சேர்ந்தது எப்படி என்று நாம் கேட்க வேண்டும். எளியோரின் எதிர்ப்பும் அங்கே சென்றடைய முடியும் என்பதையும் அந்தப் பத்து நாட்களில் பார்த்தோம்.

'ஆலைப் பெண்களில் நம்மவர் எத்தனை பேர்?' என்று கேட்டு ஆறுதல் கொள்பவர்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பது உண்மையே. ஆனால் ஹில்ஃபுல் ஃபுழூல் உடன்படிக்கை யாருக்காக ஏற்பட்டது? எமன் நாட்டிலிருந்து மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்த வெளியூர் வணிகருக்காக. சரக்கை வாங்கிய குறைஷிப் பெரிய மனிதர் விலையைக் கொடுக்க மறுத்தார். கேட்க நாதியற்ற அந்த அந்நியருக்காக அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி உறுதி எடுத்தவர்களில், அப்போது இளைஞராக இருந்த நபி (ஸல்) அவர்களும் ஒருவர். இஸ்லாம் வந்த பிறகும் அத்தகைய ஒப்பந்தத்துக்கு யாரேனும் அழைத்தால் செல்வேன் என்று கூறியிருக்கிறார்கள்.

நம் காலத்தில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு திண்டுக்கல் மாவட்டத்தில் கிடைக்கிறது. 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரல் என்னும் ஆடைத் தொழிற்சாலையில் பணியாற்றிய இளம் தலித் பெண் கொல்லப்பட்டார்; அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பெண்களே தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தச் சாவைக் காவல் நிலைய ஏட்டோடு முடிய விடவில்லை. 2022ஆம் ஆண்டில் அச்சங்கமும் துணை நின்ற அமைப்புகளும், ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய ஆடை நிறுவனங்களோடும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' செய்தன. பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொன்னால் பழிவாங்கக் கூடாது, தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள், ஆலை மீறினால் வாங்குபவர்கள் நெருக்கடி தரவேண்டும். அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அறிகுறி உண்டு என்று கூறி அந்த ஆலையின் சரக்கைத் தடுத்தது. செப்டம்பரில் தடை நீங்கியது. பெரும்பாலும் கிராமத்துப் பெண்களைக் கொண்ட ஒரு சங்கம் கப்பலில் ஏறும் சரக்குக்குப் பதில் சொல்ல வைத்தது சிறிய காரியமன்று.

இனி நம் வீட்டுக் கைக்கூலி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிகாஹ் பேச்சில் அமர்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் 50,000 ரூபாய் என்றார்கள். பெண்ணின் தாய் மறுபேச்சின்றித் தலையசைத்தார். பிறகு தனியே கேட்டபோது, 'மகள் மில்லில் நின்று சேர்த்த காசுதான் ஹஜ்ரத், வீணாகப் போகாது' என்றார். அந்தத் தாயிடம் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் தந்தையிடம் கிடைத்தது. மஹர் எவ்வளவு என்று கேட்டேன், 1,001 என்றார். ஒரு பெண் மூன்றாண்டு நூல் நூற்றுச் சேர்த்ததை வாங்கிக்கொண்டு, அவளுக்கு அவள் ஒரு வாரக் கூலியைக் கூடக் கொடுக்காத கணக்கு இது என்று எல்லோர் முன்னும் சொன்னேன். வெகுநேரம் பேச்சு நடந்தது. கைக்கூலி இல்லாமல் நிகாஹ் நடந்தது. இரண்டு பெரியவர்கள் இன்றும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பெண்ணுக்கு மஹரை மனமுவந்து கொடுக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அவளிடமிருந்து வாங்கும்படி எங்கும் இல்லை. ஆலைவாசலில் நிற்கும் தரகனுக்குச் சரக்கு எது? நம்முடைய கல்யாணப் பேச்சில் எழுதப்படும் தொகைதான். அத்தொகை இல்லையேல் 'சுமங்கலி' என்ற பெயரில் ஒரு திட்டம் போட எவனுக்கும் தோன்றியிராது. ஆகவே அதிகாரிகள் வாங்கும் கைக்கூலியைக் கண்டிக்கும் நாவு, நம் வீட்டுக் கைக்கூலியைச் 'சீர்' என்றும் 'அன்பளிப்பு' என்றும் அழைக்கக் கூடாது.

மகளை வெளியூர் வேலைக்கு அனுப்பியே ஆகவேண்டிய நிலையிலுள்ள குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். தரகரின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். ஆலையின் பெயரை எழுதி வாங்குங்கள். மாதச் சம்பளம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் முழுமையாக வருமா, பி.எஃப். பிடித்தால் அதன் எண் என்ன, வாரம் ஒருநாள் வெளியே வரலாமா, கையில் போன் இருக்குமா என்று கேளுங்கள். 'முடிவில் மொத்தமாக' என்ற சொல் காதில் விழுந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். கூலி நின்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் அலுவலகம் திருச்சியில் இருக்கிறது. ஆபத்தென்றால் பெண்களுக்கு 181, சிறுவர்களுக்கு 1098. தொகுதி மறுசீரமைப்புக்கு முன் சட்டமன்றத் தொகுதியாகவே இருந்த ஊர் உப்பிலியபுரம். இப்போது நாம் துறையூர் தொகுதியில் இருக்கிறோம். வாக்குக் கேட்டு வருபவரிடம் சாலை, விளக்கு கேட்கும்போது, இதையும் ஒரு மனுவாக எழுதிக் கொடுங்கள். ஜமாஅத்தின் கையெழுத்தோடு கொடுங்கள்.

இன்னொன்று. ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு அரசு கொடுத்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி, 2022ஆம் ஆண்டில் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 5 முதல் புதுமைப்பெண் திட்டமாக நடைமுறைக்கு வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவளுடைய வங்கிக் கணக்குக்கே வருகிறது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்குக் கணக்குப் பாருங்கள்: 36,000 ரூபாய். ஆலை விடுதியில் மூன்றாண்டு அடைபட்டிருந்தால் தருவதாகச் சொன்ன தொகையும் ஏறத்தாழ அதுவே. பிளஸ் டூ தேர்வு எழுதிய மகள் உங்கள் வீட்டில் இருந்தால், ஆதாரையும் வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் இப்போதே எடுத்து வையுங்கள். விண்ணப்பம் அவள் சேரும் கல்லூரியின் வழியாகவே செல்லும்.